மாற்றுத்திறனாளி உரிமைப் பணிக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சமூகப் பணி படித்துவிட்டுக் களத்துக்கு வருகிறவர்கள், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பெற்றோர், சங்கங்களில் புதிதாகப் பொறுப்பேற்பவர்கள் என எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேட்ட சொற்களிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறோம். நடைமுறை விவரங்கள் தமிழ்நாட்டுக்கு உரியவை. சட்டம் என்று சொல்லும் இடங்களில் பெரும்பாலும் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-ஐக் குறிக்கிறோம். அது 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது.

சமூகப் பணின்னா சேவைதானே? உரிமைப் பணின்னு தனியா ஏன் சொல்றீங்க?

சக்கர நாற்காலியில் வாழும் ஒரு பெண்ணால் ரேஷன் கடைப் படியில் ஏற முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் அரிசியை வாங்கி அவர் வீட்டில் கொடுத்தால் அது சேவை. கடைக்குச் சாய்தளம் போட வைத்தால், அல்லது அவர் எழுதிக் கொடுத்த ஆளிடம் பொருளைத் தர வைத்தால், அது உரிமைப் பணி. முதலாவது இல்லாமல் இந்த மாதம் அடுப்பு எரியாது. இரண்டாவது இல்லாவிட்டால் அவர் ஆயுளுக்கும் உங்களை எதிர்பார்த்தே இருக்க வேண்டும்.

இரண்டு வழிகளிலும் பெரிதாகச் செய்தவர்கள் உண்டு. ஆய்க்குடி எஸ். ராமகிருஷ்ணன் 1975-இல் கடற்படை அதிகாரி தேர்வின்போது முதுகுத்தண்டில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். தனக்குச் சிகிச்சை அளித்த ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-இல் பத்மஸ்ரீ பெற்றார். ஜாவேத் அபிடி அலிகரில் பிறந்தவர், சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். மாற்றுத்திறனாளிகளுக்கான முதல் முழுமையான சட்டம் 1995 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேற, டெல்லியில் போராட்டம் நடத்தி அழுத்தம் கொடுத்தவர்களில் முன்னால் நின்றவர். விமானத்தில் ஏறி இறங்க வசதி கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனவரும் அவர்தான். இருவருமே மாற்றுத்திறனாளிகள் என்பதைக் கவனியுங்கள். இந்தத் துறையில் நல்லது நடந்த இடத்திலெல்லாம் பாதிக்கப்பட்டவர்களே முன்னால் இருந்திருக்கிறார்கள்.

எம்.எஸ்.டபிள்யூ. படிச்சாதான் இந்த வேலைக்கு வர முடியுமா?

மனு எழுத, உடன் போக, அலுவலகத்தில் பேச எந்தப் பட்டமும் தேவையில்லை. ஆனால் நிறுவனங்கள் சமூகப் பணியாளர் பதவிக்கு ஆள் எடுக்கும்போது முதுகலை சமூகப் பணியைத்தான் கேட்கின்றன. இரண்டு ஆண்டுப் படிப்பு. களப்பணி அதில் பெரும்பகுதி. அந்தக் களப்பணியை மாற்றுத்திறனாளி அமைப்பு ஒன்றில் கேட்டு வாங்குங்கள்.

சிறப்புக் கல்வி, பேச்சுப் பயிற்சி, மறுவாழ்வு சமூகப் பணி போன்றவற்றைத் தொழிலாகச் செய்ய இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் மத்தியப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். பதிவு இல்லாமல் செய்வது 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நீங்கள் ஆலோசனை சொல்லலாம், தெரபி கொடுக்கக் கூடாது. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள தேசியப் பல்வகைக் குறைபாடு நிறுவனத்தில் இதற்கான படிப்புகள் உண்டு. இன்னொன்று: முடிந்தால் இந்திய சைகை மொழியின் அடிப்படையையாவது கற்றுக்கொண்டு களத்துக்கு வாருங்கள். பட்டத்தைவிட அது முதல் வாரத்திலேயே பயன்படும்.

ஊனமுற்றோர், மாற்றுத்திறனாளி... எப்படித்தான் கூப்பிடறது?

தமிழக அரசு 2010 முதல் மாற்றுத்திறனாளி என்ற சொல்லைப் பயன்படுத்துகிறது. மனுவிலும் மேடையிலும் அதையே எழுதுங்கள். சிலருக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. எதிரே இருப்பவர் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறாரோ அதுதான் சரி. பார்வையற்றவர், காது கேளாதவர், அறிவுசார் குறைபாடு உள்ளவர் என்று நேராகச் சொல்வதில் தவறில்லை. காது கேளாதவரை ஊமை என்பது வசை, அதோடு தவறான தகவலும்கூட. அவருக்கு ஒரு மொழி இருக்கிறது.

ஒருத்தர் உதவி கேட்டு வர்றார். முதல்ல எதைப் பாக்கணும்?

அவருடைய மருத்துவச் சான்றையும் தனித்துவ அடையாள அட்டையையும். யு.டி.ஐ.டி. என்று எல்லோரும் சொல்வது இந்த அட்டையைத்தான். பேருந்துச் சலுகையோ உதவித்தொகையோ தேர்வுச் சலுகையோ, எதைக் கேட்டாலும் கவுண்ட்டரில் முதலில் கேட்பது இது. ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். புகைப்படம், கையொப்பம் அல்லது கைரேகை, ஆதார், முகவரிச் சான்று, பழைய சான்றிதழ் இருந்தால் அதுவும் தேவை. பிறகு மருத்துவக் குழு நேரில் பார்த்துச் சதவீதம் போடும். ஆன்லைனில் தடுமாறுகிறவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கோ, வட்டாரத்தில் திறந்திருந்தால் ‘விழுதுகள்’ சேவை மையத்துக்கோ போகலாம்.

விண்ணப்பம் சிக்குவது பெரும்பாலும் இனிஷியலில். ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் இருக்கும், பள்ளிச் சான்றில் ஒரே எழுத்தாக முன்னால் இருக்கும், பழைய மருத்துவச் சான்றில் கணவர் பெயரின் எழுத்து இருக்கும். மூன்றும் மூன்று ஆட்களாகப் பதிவாகிவிடும். முதலில் ஆதாரைத் திருத்துங்கள், அதன்பிறகு அதே எழுத்துக்கூட்டலில் விண்ணப்பியுங்கள். அட்டை வந்த பிறகு திருத்துவது இதைவிட நீண்ட வேலை.

பரிசோதனைக்குப் போகும் நாளில் பழைய சிகிச்சைக் காகிதங்கள் முழுவதையும் எடுத்துப் போங்கள். கேட்கும் திறனுக்கு ஆடியோகிராம், கைக்குழந்தையாக இருந்தால் பெரா (ஒலிக்கு மூளைத்தண்டு காட்டும் எதிர்வினையை அளக்கும்) பரிசோதனை கேட்பார்கள். அறிவுசார் குறைபாட்டுக்கு உளவியலாளரின் மதிப்பீடு வேண்டும். ஆட்டிசத்துக்கும் மனநோய்க்கும் தனித்தனி அளவுகோல்கள் உள்ளன. மாவட்ட மருத்துவமனையில் அந்த நிபுணர் எந்தக் கிழமை இருப்பார் என்று முன்பே விசாரிக்காமல் போனால், வண்டி பிடித்துக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போன குடும்பம் வெறுங்கையோடு திரும்பும். இரண்டு முறை அப்படித் திரும்பினால் மூன்றாவது முறை வரமாட்டார்கள்.

கால்ல 40 சதவீதம், காதுல 30 சதவீதம். மொத்தம் 70 தானே வரணும்? டாக்டர் குறைச்சுப் போட்டுட்டாரே!

அவர் குறைக்கவில்லை. இரண்டு குறைபாடுகளின் சதவீதத்தை அப்படியே கூட்டுவதில்லை. பெரிய எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். அதை 90-இலிருந்து கழித்து, வருவதைச் சிறிய எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, அந்தத் தொகையைப் பெரிய எண்ணோடு சேர்க்க வேண்டும். இங்கே 90-இல் 40 போக 50. அதை 30-ஆல் பெருக்கினால் 1,500. 90-ஆல் வகுத்தால் 16.7. ஆகவே மொத்தம் ஏறக்குறைய 57.

கணக்கு சரியாக இருந்தும் மதிப்பீடே தவறு என்று தோன்றினால், சான்றளித்த குழுவின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம். சட்டத்தின் 59-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. மருத்துவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. எந்த உறுப்பின் எந்த இயக்கத்தை அளக்காமல் விட்டார்கள் என்று எழுதுங்கள்.

40 சதவீதத்துக்குக் கீழன்னா ஒண்ணுமே கிடையாதாமே?

இந்தத் தவறான நம்பிக்கை நிறையப் பேரை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது. இடஒதுக்கீட்டுக்குத்தான் 40 சதவீத வரம்பு: அரசு வேலையில் 4 சதவீதம், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதம். 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி என்ற பிரிவும் அந்த வரம்புக்கு உட்பட்டது. பாகுபாடு காட்டக் கூடாது என்பதற்கும், நியாயமான வசதி செய்து தர வேண்டும் என்பதற்கும் எந்தச் சதவீதமும் கிடையாது. நியாயமான வசதி என்றால் அந்த ஒருவருக்காகச் செய்யப்படும் மாற்றம். எதிர்த்தரப்புக்கு அளவு மீறிய சுமையாக இருக்கக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை.

2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. எழுதும்போது கைத்தசை இறுகும் பாதிப்புள்ள அவர் குடிமைப் பணித் தேர்வில் தான் சொல்லச் சொல்ல விடை எழுத ஓர் ஆளைக் கேட்டார், 40 சதவீதம் இல்லை என்று மறுத்தார்கள். அந்த வரம்பு இதற்குப் பொருந்தாது என்று நீதிமன்றம் சொன்னது. பள்ளியோ கல்லூரியோ தேர்வுச் சலுகையை மறுத்தால் இந்தத் தீர்ப்பின் பெயரை மனுவில் எழுதுங்கள். மத்திய அரசின் வழிகாட்டுதலில் கூடுதல் நேரம் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையக் கூடாது என்று இருக்கிறது.

மாசா மாசம் பணம் வருமே, அதுக்கு எங்க போகணும்?

இரண்டு வழிகள் உண்டு. கடும் பாதிப்பு, அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய்ப் பாதிப்பு போன்றவற்றுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை ஒன்று. அது 2,000 ரூபாயாக உயர்ந்தது. மற்றது வருவாய்த் துறை தரும் ஓய்வூதியம், அதற்கு வட்டாட்சியர் அலுவலகம். ஒருவருக்கு இரண்டும் கிடைக்காது. எந்த அலுவலகத்துக்கு எந்த மனு என்று முதலிலேயே பிரித்துக்கொள்ளுங்கள். மாறிப் போனால் ‘இது எங்க டிபார்ட்மெண்ட் இல்ல’ என்ற பதிலுக்கே சில மாதங்கள் ஆகும்.

கலெக்டர் ஆபீஸ்ல மனு கொடுத்து ஆறு மாசம் ஆச்சு, ஒண்ணும் நடக்கல. இனி என்ன?

முதல் கேள்வி: ரசீது இருக்கிறதா? திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்த மனுவுக்கு எண் தருவார்கள். அந்த எண் இல்லாத மனு பிறகு எங்கும் உதவாது. இரண்டாவது: மனுவில் என்ன கேட்டிருக்கிறது? ‘என் வாழ்வாதாரத்துக்கு ஆவன செய்யுமாறு’ என்று முடியும் மனுவை எந்த எழுத்தராலும் எந்த மேசைக்கும் அனுப்ப முடியாது. ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கை. வீடு, கடன், மூன்று சக்கர ஸ்கூட்டர் மூன்றையும் ஒரே தாளில் எழுதினால் மூன்றும் நிற்கும்.

நல்ல மனு ஒரு பக்கத்தில் அடங்கும். பெயர், முகவரி, அடையாள அட்டை எண். எந்தத் தேதியில் எந்த அலுவலகத்தில் யாரிடம் கேட்டீர்கள், என்ன பதில் வந்தது. எந்த அரசாணை அல்லது பிரிவின்படி கேட்கிறீர்கள். என்ன வேண்டும், எத்தனை நாளுக்குள். இணைப்புகளுக்கு எண். வாய்வழியாக மறுத்தவரிடம் ‘இதையே எழுதிக் கொடுங்க’ என்று பணிவாகக் கேளுங்கள். எழுதிக் கொடுக்க வேண்டும் என்றதும் பல மறுப்புகள் மறைந்துவிடும். எழுதிக் கொடுத்துவிட்டால் அதுதான் உங்கள் முதல் ஆதாரம்.

ஆறு மாதம் ஆன மனுவுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, ‘இந்த எண்ணுள்ள என் மனு எந்தெந்தத் தேதியில் எந்தெந்த அலுவலரிடம் இருந்தது, கோப்புக் குறிப்பின் நகல் வேண்டும்’ என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் தீராவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ‘ஏன்’ என்று கேட்காதீர்கள். ஆவணத்தைக் கேளுங்கள். காரணம் கேட்டால் அது தகவல் இல்லை என்று தள்ளிவிடுவார்கள்.

மாநில ஆணையர்கிட்ட புகார் கொடுத்தா கோர்ட் மாதிரி உத்தரவு போடுவாரா?

மாற்றுத்திறனாளிகளின் புகார்களை விசாரிக்க 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி நியமிக்கப்படுபவர்தான் மாநில ஆணையர். விசாரிக்கும்போது சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரங்கள் சில அவருக்கு உண்டு. ஆளை அழைக்கலாம், ஆவணத்தைக் கொண்டுவரச் சொல்லலாம். ஆனால் முடிவில் வருவது பரிந்துரை. 81-ஆம் பிரிவின்படி அந்த அலுவலகம் மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை எடுத்துத் தெரிவிக்க வேண்டும். ஏற்கவில்லை என்றால் அதே காலத்துக்குள் காரணத்தை எழுத வேண்டும், அதைப் புகார்தாரருக்கும் சொல்ல வேண்டும்.

பரிந்துரைதானே என்று சிலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். அது பிழை. உயர் நீதிமன்றத்தில் ரிட் போடும்போது, ஆணையர் சொல்லியும் செய்யவில்லை என்ற தாள் மனுவைப் பலமாக்கும். வக்கீல் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி தருகிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கும். முந்தைய பதிலில் சொன்ன மனு, ரசீது, மறுப்பு மூன்றையும் தேதி வரிசையில் கோத்துக்கொண்டு போங்கள்.

எங்க பில்டிங்ல ராம்ப் போட்டுட்டோமே, இன்னும் என்ன குறை?

அளந்து பார்க்க வேண்டும். ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். 15 செ.மீ. உயரமுள்ள ஒரு படிக்கு 1.8 மீட்டர், அப்படி மூன்று படிகள் என்றால் 5.4 மீட்டர் சாய்தளம் வேண்டும். பெரும்பாலான கட்டடங்களில் மூன்று படிக்கு இரண்டு மீட்டர்தான் போட்டிருப்பார்கள். அது பைக் ஏற்றுகிற சரிவு. அதில் சக்கர நாற்காலியைத் தள்ளினால் முன்சக்கரம் தூக்கி ஆள் பின்னால் விழுவார். செல்போனில் சாய்வு அளக்கும் செயலியைத் தரையில் வைத்துப் பாருங்கள். 4.8 டிகிரிக்கு மேல் காட்டினால் தவறு. படம் எடுத்து மனுவோடு இணையுங்கள்.

அகலம் 1.2 மீட்டராவது வேண்டும். மேலேயும் கீழேயும் நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் சமதளம் வேண்டும். இருபுறமும் கைப்பிடி, சுமார் 75, 90 செ.மீ. என இரண்டு உயரங்களில். வழுவழுப்பான டைல்ஸ் கூடாது, மழையில் ஊன்றுகோல் வழுக்கும். சாய்தளம் முடியும் இடத்தில் ஒற்றைப் படியோ சாக்கடை மூடியோ இருந்தால் மேலே செய்த அத்தனையும் வீண். கதவின் திறப்பு 90 செ.மீ. இருக்க வேண்டும். கழிப்பறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், உள்பக்கம் திறந்தால் நாற்காலி உள்ளே போனபின் மூட முடியாது. அந்தக் கழிப்பறையில் துடைப்பமும் பழைய ஃபைலும் அடைத்துப் பூட்டி வைப்பது மிகப் பரவலான குற்றம். ஆம், குற்றம் என்றே சொல்கிறோம். காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வேலைக்கு வருகிற பெண்களை நினைத்துப் பாருங்கள்.

2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்கள் வெறும் வழிகாட்டுதலாக இருக்க முடியாது, கட்டாய விதிகளாக வேண்டும் என்று சொன்னது. சட்டத்தின்படி தரங்களைப் பின்பற்றாத கட்டடத்துக்கு நிறைவுச் சான்று தரக் கூடாது. புதுக் கட்டடம் என்றால், சான்று தருவதற்கு முன்பே உள்ளாட்சி அமைப்புக்கு எழுதுங்கள். கட்டி முடித்த பிறகு உடைப்பது கடினம்.

அரசு வேலையில இருக்கும்போது ஆக்சிடெண்ட். வி.ஆர்.எஸ். (விருப்ப ஓய்வு) எழுதிக் கொடுன்னு சொல்றாங்க. கொடுக்கலாமா?

கையெழுத்துப் போட வேண்டாம். பணிக்காலத்தில் குறைபாடு ஏற்பட்ட ஊழியரை அரசு நிறுவனம் நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது 20-ஆம் பிரிவு. பழைய வேலையைச் செய்ய முடியாவிட்டால் அதே ஊதியத்தில் வேறு வேலை தர வேண்டும். வேறு இடமும் இல்லை என்றால், இடம் கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயதுவரை உபரிப் பணியிடத்தில் வைத்திருக்க வேண்டும். தானாக எழுதிக் கொடுத்துவிட்டால் இந்தப் பாதுகாப்பைக் கேட்பது மிகவும் கடினமாகிவிடும். ஓட்டுநர், நடத்துநர் குடும்பங்களுக்கு இதை மருத்துவமனையிலேயே சொல்லிவிடுங்கள்.

தனியார் துறைக்கு இந்தப் பிரிவு நேராகப் பொருந்தாது. அங்கே மேலே சொன்ன பாகுபாட்டுத் தடையையும், நிறுவனம் வைத்திருக்க வேண்டிய சம வாய்ப்புக் கொள்கையையும் பிடித்துக்கொண்டு பேச வேண்டியிருக்கும்.

பையனுக்கு 18 ஆயிடுச்சு. பேங்க்ல ‘கார்டியன் சர்ட்டிபிகேட்’ கேக்கறாங்க. நாங்கதானே அப்பா அம்மா?

18 வயதுக்குப் பிறகு பெற்றோர் தாமாகவே சட்டப் பாதுகாவலர் ஆவதில்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999-ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்சியர் இருக்கும் உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கும். நீதிமன்றம் போக வேண்டியதில்லை.

ஆனால் அதற்கு முன் நின்று யோசியுங்கள். மூளை முடக்குவாதம் உள்ள பலருக்குப் பேச்சு குழறும், புரிதலில் குறை இருக்காது. அவர்களுக்குப் பாதுகாவலரே வேண்டாம், கையொப்பத்துக்குப் பதில் கைரேகையும் பொறுமையான வங்கி ஊழியரும் போதும். பார்வையற்றவர்களுக்குக் காசோலைப் புத்தகம், ஏ.டி.எம். அட்டை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. வங்கிக்கு வசதி என்பதற்காக ஒருவருடைய முடிவெடுக்கும் உரிமையை எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

அவங்களுக்குப் பேச வராது. அம்மா சொல்றதை வச்சு மனு எழுதினா போதாதா?

போதாது. அம்மா சொல்வதைக் கேளுங்கள், பிறகு அவரிடமும் நேராகக் கேளுங்கள். ஆம், இல்லை என்பதற்குக் கண் சிமிட்டலோ தலையசைப்போ இருக்கும். படப்பலகை இருக்கலாம். ஒரு கேள்விக்கு அரை நிமிடம் வரை காத்திருங்கள், நடுவில் வாக்கியத்தை நீங்கள் முடித்துவிடாதீர்கள். காது கேளாதவர் என்றால் மொழிபெயர்ப்பாளரைப் பார்க்காமல் அவரைப் பார்த்தே பேசுங்கள். குடும்பத்தினரை மொழிபெயர்ப்பாளராக வைப்பது கடைசி வழி. சொத்து, திருமணம், வன்முறை தொடர்பான விஷயத்தில் அது வழியே இல்லை.

பாலியல் வன்முறைப் புகாரில் இது உயிர்நாடி. மாற்றுத்திறனாளிப் பெண்ணின் வாக்குமூலத்தை அவர் வீட்டிலோ அவருக்கு வசதியான இடத்திலோ, மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்பாசிரியர் உடனிருக்க, வீடியோ பதிவோடு எடுக்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறையே சொல்கிறது. காவல் நிலையத்தில் அது தெரியாமல் இருக்கலாம். நீங்கள் கேட்டு வாங்க வேண்டும். நீங்களே அவரிடம் சம்பவத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். சொல்லச் சொல்லச் சொற்கள் மாறும், எதிர்த்தரப்பு அந்த மாற்றத்தைத்தான் பிடிக்கும்.

நாங்க உதவி பண்ணின போட்டோவைப் போட்டாத்தானே நன்கொடை வரும்?

சக்கர நாற்காலியை ஒருபுறம் அதைப் பெறுகிறவர் பிடிக்க, மறுபுறம் பத்துப் பேர் பிடிக்கும் படத்தை நாங்கள் ஏற்பதில்லை. படத்துக்குச் சம்மதம் கேட்பதாக இருந்தால், பொருளைக் கொடுத்த பிறகு, வேறொரு நாளில், மறுத்தாலும் எதுவும் பறிபோகாது என்று சொல்லிக் கேளுங்கள். கையில் பொருளோடு கேட்கும் கேள்விக்கு யாராலும் இல்லை என்று சொல்ல முடியாது. நாற்காலியைப் பொறுத்தவரை அதைவிட முக்கியமானது அளவு. இடுப்பு அகலத்தோடு சில செ.மீ. மட்டும் கூடுதலாக இருக்க வேண்டும். ஒரே அளவில் மொத்தமாக வாங்கிக் கொடுத்த நாற்காலிகளால் படுக்கைப்புண் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஆர்டர் வந்துடுச்சு. கேஸை முடிச்சிடலாமா?

உத்தரவு வந்த நாளை எழுதி வையுங்கள், கோப்பை மூடாதீர்கள். உதவித்தொகை என்றால் முதல் மூன்று மாதம் கணக்கில் ஏறியதா என்று பாஸ்புக்கைப் பாருங்கள். சாய்தளம் என்றால் டேப்போடு போய் அளங்கள். வேலை என்றால் அவரைச் சேர்த்துக்கொண்டு எந்த வேலையும் தராமல் மூலையில் உட்கார வைத்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். பிறகு அசல் தாள்கள் எல்லாவற்றையும் அவரிடமே திருப்பிக் கொடுத்து, நகலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மனுவை அவர் எழுத, நீங்கள் வாசித்துப் பார்க்கும் நிலை வந்தால் அன்றைக்கு மூடலாம்.